இறாலின் நரம்பு எந்தப் பக்கம்?

தோ பாயோ, சிங்கப்பூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கயல்,

நேற்று இரவு நீ தொலைபேசியை வைத்த பிறகு எனக்கு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. "விலங்கு வகைப்பாடு செத்த பாடம், அம்மா. ஒன்பது பெயர், ஒரு அட்டவணை, அவ்வளவுதான். பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள்" என்று சொல்லிவிட்டாய். பள்ளி ஆய்வுக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் கரப்பான்பூச்சியையும் மண்புழுவையும் தட்டில் விரித்து வைத்தவளிடம் சொல்கிற பேச்சா இது? "அவள் டீச்சர், அவள் பார்த்துக்கொள்வாள், நீ படு" என்றார் உன் அப்பா. படுத்தேன். ஆனால் மனம் படுக்கவில்லை.

காலையில் தேக்கா சந்தைக்குப் போனேன். அரைக் கிலோ இறால், இரண்டு துண்டு தெங்கிரி மீன், நாலு நண்டு. வீட்டுக்கு வந்து இறாலை உரித்து முதுகைக் கீறி அந்தக் கறுப்புக் கோட்டை இழுத்துக்கொண்டிருந்தபோதுதான், உனக்கு என்ன எழுத வேண்டும் என்பது பிடிபட்டது.

அந்தக் கோட்டுக்கு நம் வீட்டில் என்ன பெயர்? நரம்பு. "இறாலில் நரம்பு எடுத்தாயா?" என்று உன் பாட்டி கேட்பார், நானும் உன்னைக் கேட்டிருக்கிறேன். அது நரம்பே இல்லை, குடல். கறுப்பாக இருப்பது அது கடைசியாகத் தின்ற சாப்பாடு. உண்மையான நரம்பைப் பார்க்க வேண்டுமானால் இறாலைத் திருப்பி வயிற்றுப் பக்கம் கீற வேண்டும். கால்களின் அடிப்புறத்தை ஒட்டி, மெல்லிய வெள்ளை இழையாக ஓடும். இதயம் எங்கே? தலையோட்டுக்கு உள்ளே, முதுகை ஒட்டி.

இப்போது பக்கத்திலிருக்கும் தெங்கிரித் துண்டைப் பார். நடு எலும்புக்கு மேலே ஒரு சின்ன ஓட்டை, அதில் வெள்ளையாக ஒரு துளி. அதுதான் தண்டுவடம், முதுகுப் பக்கம். குடல் இருந்த இடம் எலும்புக்குக் கீழே, வயிற்றில். மீனின் இதயமோ செவுளுக்குக் கீழே தொண்டைப் பக்கம். மேலே இருந்து கீழே எண்ணினால் மீனுக்கு நரம்பு, குடல், இதயம். இறாலுக்கு இதயம், குடல், நரம்பு. ஒரே சமையல்மேடையில், ஒரே கத்தியில், ஒன்றை ஒன்று தலைகீழாகக் கவிழ்த்து வைத்த மாதிரி இரண்டு உடல்கள். நாற்பது வருடம் சமைத்தும் இதை இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லையே என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

இதை 1822இலேயே பாரிஸ் அரும்பொருளகத்தில் ஒரு விலங்கியலாளர் பார்த்துவிட்டார். எத்தியேன் ஜெஃப்ருவா சேன் இலேர் என்று பெயர். சிங்கி இறாலை அறுத்து, அதை மல்லாக்கப் போட்டார். உறுப்புகள் எல்லாம் முதுகெலும்பியின் வரிசைக்கு வந்து நின்றன. எல்லா விலங்குக்கும் அடிப்படை அமைப்பு ஒன்றுதான், சிலது கவிழ்ந்து கிடக்கிறது என்றார். அதே ஊரில், அதே அரும்பொருளகத்தில் வேலை பார்த்த குவியே என்ற இன்னொரு விலங்கியலாளருக்கு இது பிடிக்கவில்லை. விலங்குகளுக்கு நான்கே நான்கு அமைப்புகள் என்று வகுத்து வைத்திருந்தவர் அவர்: முதுகெலும்புள்ளவை, மெல்லுடல் கொண்டவை, வளையம் வளையமாக இருப்பவை, ஆரம் ஆரமாக இருப்பவை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பாலம் கிடையாது என்பது அவர் கட்சி. 1830இல் அறிவியல் கழகத்தில் எல்லார் முன்னிலையிலும் மோதிக்கொண்டார்கள். குவியே ஜெயித்தார் என்றுதான் அன்று பேசிக்கொண்டார்கள். மல்லாந்த இறால் ஒரு வேடிக்கைக் கதையாகிப்போனது.

நூற்று அறுபது வருடம் கழித்து, 1990களில் மரபணு ஆய்வாளர்கள் அந்தக் கதையைத் தூசி தட்டி எடுத்தார்கள். ஈயின் கருவில் வயிற்றுப் பக்கம் ஒரு மரபணு வேலை செய்கிறது, தவளையின் கருவில் முதுகுப் பக்கம் ஒரு மரபணு வேலை செய்கிறது. இரண்டும் உடன்பிறப்புகள். இரண்டின் வேலையும் ஒன்றுதான்: நரம்பு வளர்வதற்கு இடம் பிடித்துக் கொடுப்பது. 1995இல் ஈயின் அந்த மரபணுச் சரக்கைத் தவளைக் கருவுக்குள் செலுத்திப் பார்த்தார்கள். தவளை அதைப் புரிந்துகொண்டு முதுகுப் பக்கத்தை வளர்த்தது. ஈயும் தவளையும் பிரிந்து ஐம்பது கோடி வருடத்துக்கு மேல் ஆகிறது, கயல். அதற்குப் பிறகும் ஒன்றின் பேச்சு மற்றொன்றுக்குப் புரிகிறது. கவிழ்ந்தது இறாலின் வம்சம் அல்ல, நம்முடைய வம்சம்தான் என்பது இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். மல்லாக்கப் படுத்திருப்பது நாம்!

இதைச் சொல்லிப் பார், எந்தப் பிள்ளை கொட்டாவி விடுகிறது என்று நானும் பார்க்கிறேன்.

உன் பாடப்புத்தகம் தொகுதிகளை வரிசையாக அடுக்குகிறது: துளையுடலிகள், குழியுடலிகள், தட்டைப்புழுக்கள் என்று. அந்த வரிசையை மனப்பாடம் செய்தவர்கள் பரீட்சையோடு மறந்துவிடுவார்கள். அந்த அட்டவணை கேட்கும் கேள்விகள் கொஞ்சம்தான். உடலை எந்தப் பக்கம் வெட்டினால் சரிபாதி வரும்? ஜெல்லி மீன் போலப் பல கோடுகளில் வெட்டலாமா, நம்மைப் போல ஒரே கோட்டில்தானா, கடற்பஞ்சில் பலவற்றைப் போல எப்படி வெட்டினாலும் வராதா? கருவில் எத்தனை அடுக்கு? குடலுக்கும் உடற்சுவருக்கும் நடுவில் இடைவெளி உண்டா? உடல் துண்டு துண்டாகக் கோக்கப்பட்டதா? முன் எது, பின் எது? அவ்வளவுதான். விலங்கைப் பார்த்து இவற்றைக் கேட்கத் தெரிந்தால் அட்டவணையைப் பிள்ளைகளே எழுதிவிடுவார்கள்.

நம் பழையவர்கள் வேறு கேள்வி கேட்டார்கள். உன் தாத்தா தொல்காப்பியத்தின் மரபியல் என்ற பகுதியைச் சொல்லிக்கொண்டே நடப்பார், நினைவிருக்கிறதா? புல்லுக்கும் மரத்துக்கும் ஓரறிவு, நத்தைக்கு இரண்டு, எறும்புக்கு மூன்று, நண்டுக்கும் தும்பிக்கும் நான்கு. புலனை எண்ணி வகுத்தார்கள். நண்டும் தும்பியும் ஒரே பெட்டியில் விழுந்தது தற்செயலாகவே இருக்கட்டும். இன்றைய கணக்கிலும் அவை ஒரே பெட்டியில்தான் இருக்கின்றன, கணுக்காலிகளாக. எறும்பும் அதே பெட்டிதான் என்பதைத் தாத்தாவிடம் கடைசிவரை நான் சொல்லவில்லை. ஐரோப்பாவில் லின்னேயஸ் 1758இல் செய்தது இதைவிடப் பெரிய அநியாயம். எலும்பில்லாத அத்தனை உயிரையும் பூச்சிகள், புழுக்கள் என்று இரண்டே மூட்டையில் கட்டிவிட்டார். கணவாய், நத்தை, நட்சத்திர மீன், ஜெல்லி மீன் எல்லாம் புழு!

பெயரை நம்பினால் இப்படித்தான். நம் பெயர்கள் மட்டும் என்ன வாழ்கின்றன? கடல் அட்டை அட்டையல்ல, நட்சத்திர மீனுக்குப் பங்காளி. கணவாய் மீன் மீனல்ல, சிப்பிக்குச் சொந்தம்: அதை அறுக்கும்போது பிளாஸ்டிக் சீவல் போல ஒன்று வருமே, அது உள்ளே ஒடுங்கிப்போன ஓடு. லாட நண்டு நண்டே அல்ல. கடல் குதிரைதான் உண்மையில் மீன்.

லாட நண்டு என்றதும் ஒன்று நினைவு வருகிறது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு காய்ந்த லாட நண்டு பல வருடமாக நண்டு, இறால் வைக்கும் தட்டிலேயே இருந்தது. "இதற்கு உணர்கொம்பே கிடையாது, வாய்க்கு முன்னால் குட்டிக் கிடுக்கிகள் இருக்கின்றன, இது தேள், சிலந்திப் பக்கம்" என்று ஒரு ஆசிரியரிடம் சொன்னேன். "பார்க்க நண்டு மாதிரி இருக்கிறது, அப்படியே இருக்கட்டும்" என்றார். ஆய்வுக்கூட உதவியாளர் சொல் எந்த அம்பலம் ஏறும்? ஓய்வு பெற்ற அன்று மாலை, எல்லாரும் கேக் வெட்டப் போன நேரத்தில், அதை எடுத்துத் தேளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். இன்னும் அங்கேயே இருக்கும் என்று நம்புகிறேன்.

நண்டு பாடம் எடுக்கும்போது அதைக் கவிழ்த்துக் காட்டு. சந்தையில் ஆண் நண்டா பெண் நண்டா என்று பார்க்க நாம் திருப்புவோமே, அந்த வயிற்று மடல் குறுகலாக இருந்தால் ஆண், அகலமாக இருந்தால் பெண். அந்த மடல்தான் நண்டின் வால்பகுதி. இறால் நீட்டி வைத்திருப்பதை நண்டு மடித்து வயிற்றோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இறாலின் கொம்பு, தாடை, நடக்கும் கால், நீந்தும் கால் எல்லாமே ஒரே உறுப்பின் மாறுவேடங்கள் என்பதையும் ஒவ்வொன்றாகப் பிய்த்து வெள்ளைத் தாளில் வரிசையாக ஒட்டிப் பார்க்கச் சொல். அரை மணி நேரம் வகுப்பில் சத்தமே இருக்காது.

"இப்போதெல்லாம் டிஎன்ஏ போதும், உடலமைப்பு எதற்கு?" என்றும் கேட்டாய். நியாயமான கேள்விதான். எனக்கும் அதில் அடி விழுந்திருக்கிறது. மண்புழுவும் இறாலும் வளையம் வளையமாக இருக்கின்றன, ஆகவே நெருங்கிய உறவு என்று குவியே காலத்திலிருந்து சொன்னார்கள். நானும் இரண்டையும் ஒரே தட்டில்தான் வைத்தேன். 1997இல் மரபணுவை ஒப்பிட்ட ஒரு குழு இரண்டையும் பிரித்துவிட்டது. இறாலுக்கு நெருக்கம் உருளைப்புழு, மண்புழுவுக்கு நெருக்கம் நத்தையும் கணவாயும். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம் காப்பிக்கடையில் மெத்தென்ற நண்டைப் பொரித்துத் தந்தபோது உறைத்தது. அது அப்போதுதான் ஓட்டைக் கழற்றிய நண்டு. உருளைப்புழுவும் அப்படித்தான் மேல்தோலைக் கழற்றி வளர்கிறது. மண்புழு கழற்றுவதில்லை. உடல் சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது, நாம்தான் வளையத்தை எண்ணிக்கொண்டு தோலைக் கவனிக்கவில்லை. மேலும் 44 கோடி வருடப் பழமையுள்ள லாட நண்டுப் புதைபடிவத்தில் டிஎன்ஏவுக்கு எங்கே போவாய்? அங்கே இருப்பது உடலின் அச்சு மட்டும்தான்.

கடைசியாக, நான் உனக்குத் தர வேண்டிய ஒரு பாக்கி.

2001 டிசம்பர். உனக்கு ஆறு வயது. புலாவ் உபின் தீவின் செக் ஜாவா கடற்கரையை மண் கொட்டி மூடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஊரே அங்கே படகு ஏறியது, நாமும் போனோம். சாங்கித் துறையில் படகுக்குக் காத்திருந்தபோது, தூணில் ஒட்டியிருந்த கூரான வெள்ளை ஓடுகளில் உன் கையைக் கீறிக்கொண்டாய். பார்னக்கிள். சிப்பி மாதிரித் தெரியும் அதைக் குவியேவும் மெல்லுடலிகளோடு சேர்த்திருந்தார். அதன் குஞ்சுகள் இறால் குஞ்சு போலத் துள்ளி நீந்துவதை 1830இல் ஜான் வாகன் தாம்சன் என்ற இராணுவ மருத்துவர் எழுதிய பிறகுதான் அது இறாலின் உறவு என்று புரிந்தது. உனக்கு அன்று இதைச் சொல்லியிருந்தால் அழுகையை நிறுத்தியிருப்பாயா, தெரியவில்லை. (அந்த மாதமே, மண் கொட்டுவதைத் தள்ளிவைப்பதாக அரசாங்கம் அறிவித்தது. இன்றும் அந்த இடம் இருக்கிறது.)

நீர் வற்றிய மணலில் கொம்பு கொம்பாக முண்டு வைத்த ஒரு பெரிய நட்சத்திர மீன் கிடந்தது. குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அம்மா, இதன் தலை எங்கே?" என்று கேட்டாய். வாய் அடியில் இருக்கிறது என்றேன். "வாய் கேட்கவில்லை, தலை" என்றாய். எனக்குப் பதில் தெரியவில்லை. குட்டியாக இருக்கும்போது அதற்கு நம்மைப் போல இடம், வலம் உண்டு, வளர்ந்த பிறகுதான் ஐந்து கையாகிறது என்று படித்திருந்தேன். கருவில் முதலில் விழும் துளை நமக்கும் அதற்கும் ஆசனவாய் ஆகிறது, நண்டு வகையறாவுக்குப் பெரும்பாலும் அப்படி இல்லை, ஆகவே நண்டைவிட அது நமக்கு நெருங்கிய உறவு என்றும் தெரியும். (இதை வகுப்பில் சொல்லும்போது சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஒதுக்கிக்கொள்.) ஆனால் தலை?

2023 நவம்பரில் பதில் வந்தது. நட்சத்திர மீன் முழுக்க எந்தெந்த மரபணு எங்கெங்கே வேலை செய்கிறது என்று வரைபடம் போட்டார்கள். மற்ற விலங்குகளில் தலையை அமைக்கும் மரபணுக்கள் ஐந்து கைகளின் நடுக்கோடு நெடுக இருந்தன. நடு உடலை அமைப்பவை அதன் வெளித்தோலில் ஏறக்குறைய எங்குமே இல்லை. உடம்பைத் தொலைத்துவிட்டு வெறும் தலையாக நகர்ந்து போகிற பிராணி அது. நீ அன்று விரலால் தொட்டது எல்லாமே தலைதான், கண்ணு.

அன்று எடுத்த படம் பழைய ஆல்பத்தில் கிடைத்தது, இத்துடன் வைத்திருக்கிறேன். வகுப்புக்கு இறால் வாங்கும்போது உரித்து உறையவைத்த பொட்டலம் வேண்டாம். தலையோடு இருப்பதாகப் பார்த்து வாங்கு, இல்லாவிட்டால் இதயத்தைக் காட்ட முடியாது. குளிருக்கு அந்த நீலக் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள்கிறாயா என்று அப்பா கேட்கச் சொன்னார்.

அன்புடன்,
அம்மா