மாமாவின் கொப்பியில் இன்னும் ஒரு பாட்டு

அன்புள்ள மாமா,

போன ஞாயிறு சாப்பிடும்போது நீங்கள் சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது. "இப்ப வாற பாட்டிலை சத்தம் இருக்கு, வரி இல்லை." நான் ஒன்றும் பேசாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அம்மாவுக்கு முன்னால் உங்களோடு வாதாட மனம் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் பாட்டுக் கொப்பி இப்போது என்னிடம் இருக்கிறது. அம்மா எடுத்துத் தந்தார். இலங்கை வானொலியில் பாட்டுப் போகப் போகக் கேட்டு எழுதியது. வெள்ளவத்தை வீட்டுக்குப் பின்னால் கடற்கரை ரயில் போனால் அந்த வரி போய்விடும். அங்கே ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கிறீர்கள். அதே பாட்டு இன்னொரு நாள் போகும்போது நிரப்பிய வரி வேறு மையில் இருக்கிறது. நீலத்துக்கு நடுவே ஒரு பச்சை வரி, ஒரு கறுப்பு வரி. பாட்டு வரியை இவ்வளவு மதித்த மனிதர் என்பதால்தான் உங்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் பக்கத்தில் 'மயக்கமா கலக்கமா'. 1962இல் 'சுமைதாங்கி' படத்துக்குக் கண்ணதாசன் எழுதியது. அம்மப்பா செத்த வருசம் நீங்கள் அதைத்தான் திரும்பத் திரும்பப் பாடினீர்களாம். அந்தப் பாட்டு யாருடைய பெயரையும் ஊரையும் கேட்பதில்லை. எவர் உடைந்துபோய் உட்கார்ந்திருந்தாலும் 'உனக்கு' என்று அவரிடமே பேசும். சென்னையில் பாடியது கொழும்பில் உங்களைத் தேற்றியது அதனால்தான். அதற்கு நாலு வருசம் முந்தி, தூங்காதே என்று பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுப்பிய தம்பியும் அப்படித்தான், பெயரில்லாத தம்பி.

அப்புறம் நம்முடைய பொப் பாட்டுகள். நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே'யை நீங்கள் கொப்பியில் எழுதவில்லை. ஆனால் கலியாண வீட்டில் அது போட்டால் முதலில் எழும்பி ஆடுவது நீங்கள்! மகள் எங்கே என்று ஒருவன் கேட்கிறான், மாமி பதில் சொல்கிறாள். படலையடியில் நடக்கிற கதை, அவ்வளவுதான். ஆனால் பாட்டென்றால் சினிமாத் தமிழ் என்றிருந்த நேரத்தில் நம்மூர் மாமி பாட்டுக்குள் வந்து நின்று கதைத்தது எனக்குப் பெரிய விசயமாகத்தான் படுகிறது.

சரி, நீங்கள் சத்தம் என்று சொன்ன பாட்டுக்கு வருகிறேன். 2021இல் ராப் பாடகர் அறிவும் பாடகி தீயும் பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி'. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இங்கே தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில், இங்கேயிருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதாக முடிவெடுத்தார்கள். அப்படிப் போன சனத்தின் கதை அது. 'தோட்டம் செழித்தாலும் என் தொண்டை நனையலையே' என்று வருகிறதே, அதில் வரி இல்லையா மாமா?

கண்ணதாசனுக்குப் பக்கத்தில் வைத்தால் அது சத்தமாகத்தான் கேட்கும். ஒப்பாரிக்குப் பக்கத்தில் வையுங்கள். கோப்பிக் கன்று நட்ட மலையைக் கைநீட்டிக் காட்டி, அண்ணனைத் தோற்ற மலை, அதாவது பறிகொடுத்த மலை, அந்தா தெரியுது என்று பாடிய மலையகத்துப் பெண்ணுக்குப் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒரே வீட்டுக் குரல் என்று உங்களுக்கே தெரியும். இப்போது வருகிற எல்லாப் பாட்டுக்கும் நான் பரிந்து பேசவில்லை. பாதி எனக்கே பிடிக்காது.

'உனக்கும் கீழே உள்ளவர் கோடி' என்ற வரிக்கு நீங்கள் அடிக்கோடு போட்டிருக்கிறீர்கள். அந்தக் கோடிப் பேரை நினைத்து நாங்கள் நிம்மதி தேடினோம். அவர்கள் என்ன நினைத்தார்கள் என்று கேட்க அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை. இப்போது அவர்களில் ஒருவர், தான் 'வள்ளியம்மா பேராண்டி' என்று பெயர் சொல்லிக்கொண்டு பாடுகிறார். அதைக் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

கொப்பியின் கடைசியில் ஆறு பக்கம் வெறுமையாக இருந்தது. அந்தப் பாட்டை அதில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். வேகமாக ஓடுகிற இடத்தில் இரண்டு வரி பிடிபடவில்லை. போனில் தேடினால் கிடைக்கும், தேடவில்லை. உங்களைப் போல இடம் விட்டிருக்கிறேன். வாற ஞாயிறு கொண்டுவருகிறேன், பச்சைப் பேனையை எடுத்து வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகள்