மலையில் நாய்க்குக் காவல் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தனியாக மலைக்குப் போய்க் கூடாரம் போடுவது பற்றிச் சென்ற ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். ஃபோர் வீல் வாகனம் ஒன்றும் நாய் ஒன்றும் இருந்தால் மலையகத்தில் எங்கேயும் பயமில்லாமல் இரவைக் கழிக்கலாம், காவலை நாய் பார்த்துக்கொள்ளும் என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். நானும் பத்து வருடத்துக்கு மேலாகப் பழைய ஜிம்னி ஜீப் ஒன்றில் இரண்டு நாய்களோடு தனியாகப் போய்வருகிறவள்தான். (ஒன்றின் பெயர் ஜிம்மி. வாகனம் வாங்குவதற்கு முன்பே வைத்த பெயர், சிரிக்க வேண்டாம்.) அந்தக் 'காவல்' என்ற சொல்தான் எனக்கு உறுத்துகிறது.

எங்கள் மலைகளில் சிறுத்தை இருக்கிறது. காட்டில் மட்டும் என்று நினைக்க வேண்டாம், தேயிலைக் கொழுந்து மலைக்கு நடுவிலும் அது நடமாடும். நான் பிறந்து வளர்ந்தது லயத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில். வரிசையின் கடைசியில் இருக்கும் தொங்கல் வீட்டு வாசலில் கட்டியிருந்த நாயை விடியற்காலையில் காணோம், சங்கிலி மட்டும் கிடந்தது என்ற கதை எந்தத் தோட்டத்தில் கேட்டாலும் கிடைக்கும். மனிதரைக் கண்டால் பெரும்பாலும் ஒதுங்கிப் போகிற சிறுத்தைக்கு நாய் என்றால் நல்ல இரை. கூடாரத்துக்கு வெளியே நாயைக் கட்டிப்போடுவது அதற்கு இராச் சாப்பாடு கட்டிவைப்பது மாதிரிதான். என்னுடைய இரண்டும் பொழுது சாய்ந்ததும் ஜிம்னிக்குள் போய்விடும். பின் ஆசனத்தை மடக்கி நானும் அங்கேயே படுத்துவிடுவேன். கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கி வைத்தாலும் விடியும்போது உள்ளே நீர் கோத்து வழியும். நனைந்த நாய் வாடை ஒரு கிழமைக்குப் போகாது. சரி, அது வேறு கதை.

சிறுத்தையைவிட நான் பயப்படுவது சுருக்குக் கம்பிக்கு. மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஜனவரி. ஒகியாவிலிருந்து கலுபஹன பக்கம் இறங்குகிற, 'டெவில்ஸ் ஸ்டெயார்கேஸ்' என்று எல்லோரும் சொல்லும் பாதையை முடித்துவிட்டு, அடுத்த நாள் வேறொரு தோட்டத்தின் மேல் எல்லையில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தேன். முயல் ஒன்றைக் கண்டு ஜிம்மி மானாப் புல்லுக்குள் பாய்ந்தான். ஒரே ஒரு அலறல். அப்புறம் சத்தமே இல்லை. மற்றவள், சுட்டி, கூப்பிட்டும் வராமல் ஓர் இடத்திலேயே நின்று குரைத்தாள். போய்ப் பார்த்தால் பன்றிக்கு வைத்த சுருக்கு அவன் இடுப்பில். இழுக்க இழுக்க இறுகுகிறது. என் கையில் இருந்த சின்னக் குறடு கம்பியில் கீறல்கூடப் போடவில்லை. கிட்டப் போனால் என்னையே கடிக்க வருகிறான்.

குரைக்கிற சத்தம் கேட்டுக் கீழே லயத்திலிருந்து ஒரு தாத்தா ஏறி வந்தார். "பயப்படாத புள்ள, தலையில சாக்கப் போடு" என்றார். நான் சாக்கைப் போட்டுப் பிடிக்க, அவர் நாயைக் கம்பி கட்டியிருந்த மரத்தை நோக்கித் தள்ளினார். இழுவை தளர்ந்ததும் சுருக்குக்குள் விரலை நுழைத்து விரித்துவிட்டார். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. நானோ அதற்கு முன் அரை மணி நேரம் நாயை என் பக்கம் இழுத்து, இருந்த சுருக்கை இன்னும் இறுக்கிக்கொண்டிருந்தேன். பண்டாரவளைக்குக் கொண்டுவந்து தையல் போட்டோம். பிழைத்துக்கொண்டான்.

சிறுத்தைகளும் இப்படித்தான் இடுப்பில் கம்பி இறுகிச் சாகின்றன. 2020 மே மாதம் நல்லதண்ணியில் அகப்பட்ட கருஞ்சிறுத்தையை உயிரோடு மீட்டும் சில நாளில் இறந்துபோனது வாசகர்களுக்கு நினைவிருக்கும். கம்பி வைப்பது சட்டப்படி குற்றம். ஆனால் கிழங்குப் பாத்தியைப் பன்றி ஒரே இரவில் கிளறிவிட்டுப் போன வீட்டில் நின்று அதை உரக்கச் சொல்ல எனக்கு வாய் வராது. நான் சொல்ல வருவது நாய் வைத்திருப்பவர்களுக்கு: மானாவுக்குள்ளும் காட்டு ஓரத்திலும் கயிற்றை அவிழ்க்காதீர்கள். அவிழ்த்த நாய் லயத்துக் கோழியையும் விடாது, மரை மானையும் துரத்தாமல் இருக்காது.

வாகனத்துக்குள்ளும் இதே கதைதான். கல் பாவிய பழைய தோட்டத்து ரோட்டில் லோ ரேஞ்சில் முதல் கியரைப் போட்டு, பிரேக்கைத் தொடாமல் எஞ்ஜின் பிடிப்பிலேயே இறங்க வேண்டும் என்று கட்டுரையில் சரியாகவே இருந்தது. பின்னால் அவிழ்த்துவிட்ட நாய் அந்தச் சரிவில் என்ன செய்யும் என்று இல்லை. சுட்டி ஒருமுறை ஆசனங்களுக்கு நடுவால் சறுக்கி வந்து என் காலடியில், பெடலுக்குப் பக்கத்தில் விழுந்தாள். முடக்கில் இடது சில்லு தண்ணீர்க் கானுக்குள் இறங்கிவிட்டது. நல்லகாலம், மலைப் பக்கத்துக் கான். அன்றிலிருந்து மார்புப் பட்டி போட்டு, அதை ஆசனப் பட்டியில் கோத்துவிடுகிறேன். கழுத்துப் பட்டியில் கோக்கக் கூடாது, குலுங்கினால் கழுத்துத்தான் போகும்.

கட்டுரையில் திருத்தியே ஆகவேண்டிய ஓர் இடம் உண்டு. ஹோர்ட்டன் சமவெளிக்கு நாயைக் கூட்டிப் போகலாம் என்ற வரி. அது 1988 இலிருந்து தேசிய பூங்கா. வளர்ப்பு மிருகங்களை உள்ளே விடமாட்டார்கள், விடவும் கூடாது. நாயின் நோய் காட்டு விலங்குக்குத் தொற்றும். விடிகாலைக் குளிரில் நாயோடு வாசல்வரை போய்த் திரும்பி வருவது யாருக்கும் வேண்டாத வேலை.

அட்டையைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல் இல்லாதது ஆச்சரியம். காலில் ஏறுகிற அட்டைக்கு உப்பு இருக்கிறது, சவர்க்காரம் இருக்கிறது. ஓடையில் வாய் வைக்கும்போது நாயின் மூக்குக்குள் ஏறுகிற அட்டைதான் தொல்லை. உள்ளேயே பல நாள் இருந்து தடிக்கும். நாய் ஓயாமல் தும்மினால், ஒரு பக்க மூக்கில் மட்டும் இரத்தம் சொட்டினால் அதுவாக இருக்கலாம். சில மணி நேரம் தண்ணீர் காட்டாமல் வைத்து, பிறகு ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த நீரை மூக்கருகே பிடித்தால் அட்டை தலையை நீட்டும். துணியால் பிடித்து மெதுவாக இழுக்கலாம். எனக்கு மூன்றாவது தடவைதான் அகப்பட்டது. முடியாவிட்டால் மிருக வைத்தியரிடம் போய்விடுங்கள். ஓடைத் தண்ணீரைக் குடிக்க விடாமல் வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுபோவது எல்லாவற்றிலும் சுகம்.

மண்சரிவை நாய் முன்கூட்டியே உணரும் என்பதையெல்லாம் நம்பிச் சரிவின் அடியில் படுக்காதீர்கள். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதைப் பார்த்த மாவட்டத்துக்காரி நான். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை தாண்டினாலே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடத் தொடங்கும். அதைக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

இன்னொன்று. 'ஆளில்லா மலை' என்று கட்டுரையில் மூன்று இடத்தில் வருகிறது. அந்த மலைகளில் காலையில் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள், பீலியில் தண்ணீர் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். இப்போதெல்லாம் நான் வாகனத்தை நிறுத்துவதற்கு முன் கீழ் லயத்தில் இறங்கி, இன்ன இடத்தில் தங்கப் போகிறேன் என்று சொல்லி, கம்பி எந்தப் பக்கம் இருக்கிறது என்றும் கேட்டுக்கொள்கிறேன். முதலில் சிரிப்பார்கள். "தனியாவா டீச்சர்?" என்பார்கள். பிறகு சொல்லிவிடுவார்கள். போன தடவை தாத்தாவுக்கு ஒரு வெற்றிலைக் கட்டு கொண்டுபோனேன். ஜிம்மி அவரை அடையாளம் கண்டு வாலை ஆட்டினான், சாக்கைக் கண்டதும் வாகனத்துக்கு அடியில் ஒளிந்துகொண்டான்.

அந்தக் கம்பியை வைத்திருக்கிறேன். மோட்டார் சைக்கிள் பிரேக் கேபிள். அதன் படத்தை இத்துடன் அனுப்புகிறேன். இடமிருந்தால் பிரசுரியுங்கள். ஹோர்ட்டன் சமவெளி பற்றிய திருத்தத்தையாவது பாடசாலை விடுமுறை தொடங்குவதற்கு முன் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை,
பண்டாரவளை.