இரவு கதைக்க முன்னம் ஒருக்கால் பாருங்கள்

வணக்கம். நேற்று அமெச்சூர் வானொலியின் 40 மீற்றர் பட்டையில் எங்கள் ஆட்கள் இரண்டு பேரின் குரல் உடைந்து உடைந்து வந்தது. சத்தம் காணாது என்று மைக் கெயினை (மைக்கின் ஒலியைப் பெருக்கும் அளவை) கூட்டிக்கொண்டே போவதால் வருவது இது. ஏ.எல்.சி. (அனுப்பும் சக்தி அளவு மீறாமல் தானாக அடக்கும் சுற்று) முள் குரலின் உச்சத்தில் மட்டும் அசைந்து, குறித்த எல்லைக்குள் நிற்கவேண்டும். தாண்டினால் குரல் கரகரக்கும், பக்கத்து அலைவரிசையில் கதைப்பவரையும் குழப்பும். குரலின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்பிரசரை அணைத்துவிட்டு, வழமையான குரலில் கதைத்தபடி கெயினை மெல்ல ஏற்றுங்கள்.

அன்ரெனா டியூன் பண்ண 100 வாற் வேண்டாம். அலைவரிசை வெறுமையா என்று முதலில் கேட்டுவிட்டு, 10 வாற்றில் சி.டபிள்யூ. (மோர்ஸ் அனுப்பும் முறை) வைத்துக் கீயை அழுத்துங்கள். எல்.எஸ்.பி.யில் (நாங்கள் கதைக்கும் குரல் முறை) பேசாமல் மைக் பொத்தானை அழுத்தினால் ஒன்றும் வெளியே போகாது, பிறகு எஸ்.டபிள்யூ.ஆர். (அனுப்பும் சக்தி அன்ரெனாவில் இருந்து திரும்பி வருவதைக் காட்டும் அளவு) எப்படித் தெரியும்? 1.5க்குள் வந்தால் நல்லது.

எனக்குப் போன மாதம் திடீரென்று 3 காட்டியது. டைபோல் (நடுவில் கேபிள் இணைத்த கம்பி அன்ரெனா) நீளம்தான் பிழை என்று கம்பியை வெட்டக் குறட்டோடு போய்விட்டேன். 7.1 மெகாஹேர்ட்ஸுக்கு மொத்தம் 20 மீற்றரளவு, அது சரியாகவே இருந்தது. நல்லகாலம், கேபிள் கனெக்ரரைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே பச்சைக் களிம்பு, நடு ஊசியிலும்தான். உப்புக்காற்று செய்த வேலை. புதிது போட்டு, ஒட்டும் றப்பர் நாடா சுற்றிய பிறகு 1.3. குருநகர், பாசையூர்ப் பக்கம் இருப்பவர்கள் கட்டாயம் கழற்றிப் பாருங்கள்.

மற்றவரின் குரல் கீச்சென்று கேட்டால் அலைவரிசையை மாற்றும் பெரிய குமிழைத் தொடாதீர்கள், ஆர்.ஐ.டி.யை (கேட்கும் அலைவரிசையை மட்டும் சற்று நகர்த்தும் குமிழ்) திருப்புங்கள்.

ஞாயிறு பின்னேரம் எஸ்.டபிள்யூ.ஆர். மீற்றரோடு வீட்டில் நிற்பேன். றேடியோ செற்றைக் கொண்டுவர விரும்புபவர்கள் இங்கேயே சொல்லுங்கள்.