எஸ்டேட் கேட்டுக்கு வெளியே கேமராவோடு

ஆசிரியருக்கு வணக்கம்.

சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் ஏற்காட்டுக்குக் காபியைக் கொண்டுவந்தார். அந்த மலையின் பழைய எஸ்டேட் பங்களாக்களைப் படமெடுக்க, காலையில் போய் மாலையில் திரும்பும் சேலத்துக்காரர்கள் என்னைப் போலப் பலர். பெரும்பாலும் கேட்டோடு சரி. தனியார் சொத்து, குறை சொல்ல முடியாது. வேலி தாண்டிப் போய்ச் செடியை மிதித்து செல்ஃபி எடுப்பவர்களைப் பார்த்தால் நானே பூட்டிவிடுவேன்.

ஆனால் கோடை மழைக்குப் பின் காபி பூக்கும்போது சில்வர் ஓக் நிழலில் தோட்டமே வெள்ளையாகிவிடும், அதுவும் சில நாள்தான். அப்போதாவது கட்டணம் வாங்கிக்கொண்டு, வழிகாட்டியோடு காலையில் இரண்டு மணி நேரம் உள்ளே விடலாமே? மலர்க் கண்காட்சி நடத்தும் தோட்டக்கலைத் துறை எஸ்டேட்காரர்களிடம் பேசிப் பார்க்கட்டும். டிரோன் மட்டும் வேண்டாம். பூக்கும் நேரத்தில் தேனீக்களுக்கு அங்கே வேலை இருக்கிறது.

வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்