பறவைக் காய்ச்சல்: அந்த ஒரு வரியைத் திருத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில் பறவைக் காய்ச்சல் பற்றிய கட்டுரையில் ஒரு வரி: "உடம்பில் எதிர்ப்புச் சக்தி நன்றாக உள்ளவர்கள் பயப்பட வேண்டியதில்லை, தினமும் மிளகு ரசமும் மஞ்சள் பாலும் போதும்." தங்களுக்குத் தெரியாததை நான் சொல்லப் போவதில்லை. தெரிந்தும் அந்த வரி அச்சேறியதுதான் மனத்தை வருத்துகிறது.

இந்த நோய் நோஞ்சான்களைத் தேடிப் பிடிக்கும் நோய் அல்ல. 1997இல் ஹாங்காங்கில் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் கிருமி முதன்முதலாக மனிதருக்குத் தொற்றியபோது 18 பேருக்கு வந்தது, 6 பேர் இறந்தார்கள். 2003 முதல் உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஏறியவர்கள் 900 பேருக்கு மேல். ஏறக்குறைய பாதிப் பேர் பிழைக்கவில்லை. அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகளும் வாலிபர்களும்தான். 1968க்கு முன் பிறந்தவர்களுக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு என்று 2016இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. சிறு வயதில் முதலில் எந்த ஃப்ளூ வந்ததோ அதன் நினைவு உடம்பில் ஆயுசுக்கும் தங்கிவிடுகிறது. அந்தக் காலத்தில் மனிதரிடையே சுற்றிய எச்1, எச்2 ஃப்ளூ வகைகள் எச்5க்கு நெருங்கிய உறவு. பிறகு வந்த எச்3 தூரத்து வகை. ஆக, வீட்டில் தாத்தாவை விடப் பேரனைத்தான் கோழிக் கூண்டுப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தங்கள் கட்டுரை "முதியவர்கள் மட்டும் எச்சரிக்கை" என்று முடிகிறது.

உடம்புக்குள் நடப்பதைச் சொல்கிறேன். சாதாரண ஃப்ளூ கிருமி மூக்கிலும் தொண்டையிலும் ஒட்டும். பறவைக் கிருமி ஒட்டுவதற்கேற்ற பிடிப்பு நம் நுரையீரலின் அடியில், காற்றுப் பைகளின் செல்களில்தான் அதிகம். அதனால் பலருக்குத் தும்மல், மூக்கொழுகல் பெரிதாக இருக்காது. கடும் காய்ச்சல், இருமல், சிலருக்கு வயிற்றுப்போக்கு, சில நாளில் மூச்சுத்திணறல். மாதிரி எடுக்கும்போதும் மூக்கில் மட்டும் பஞ்சுக் குச்சி விட்டுப் பார்த்து "இல்லை" என்று எழுதிவிடக் கூடாது. தொண்டையிலிருந்தும் எடுக்க வேண்டும், அங்கேதான் கிருமி அதிகம் கிடைக்கிறது. மூச்சுத்திணறல் வந்துவிட்டால் நுரையீரல் சளியிலும் பார்க்க வேண்டும்.

செல்லுக்குள் கிருமி புகுந்ததும் அதன் மரபுப் பொருளான ஆர்என்ஏவை அந்தச் செல் அடையாளம் கண்டு இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதத்தைச் சுரக்கிறது. பக்கத்துச் செல்கள் அந்த எச்சரிக்கையை வாங்கிக்கொண்டு, கிருமி பெருகாமல் தடுக்கும் புரதங்களைச் செய்யத் தொடங்கும். அந்த எச்சரிக்கை எழும்பவிடாமல் அமுக்குவதற்கென்றே என்எஸ்1 என்ற புரதத்தைக் கிருமி வைத்திருக்கிறது. அந்த இடைவெளியில் அது கட்டுக்கடங்காமல் பெருகிவிடும். அப்புறம்தான் உடம்பு விழித்துக்கொள்கிறது, அதுவும் அளவுக்கு மீறி. மேக்ரோஃபேஜ் எனப்படும் விழுங்கணுக்கள் டிஎன்எஃப், ஐபி-10, ஐஎல்-6 போன்ற அழற்சிப் பொருள்களைக் கொட்டுகின்றன. வெள்ளணுக்கள் நுரையீரலுக்குள் திரள்கின்றன, இரத்தக் குழாய்கள் கசிகின்றன, காற்று இருக்க வேண்டிய பைகளில் நீர் நிறைகிறது. நோயாளி தன் உடம்பின் சண்டையிலேயே மூச்சடைத்துப் போகிறார். இதற்குப் பெயர் எதிர்ப்புச் சக்திக் குறைவா? இதை இன்னும் "கூட்டுங்கள்" என்றா வாசகர்களுக்குச் சொல்வது?

அழற்சிதான் கொல்கிறது என்றால் அதை அமுக்கும் ஸ்டீராய்டு கொடுத்தால் சரியாகுமே என்று சிலர் கேட்கலாம். ஆகாது. வியட்நாம் நோயாளிகளின் இரத்தத்தையும் தொண்டை மாதிரிகளையும் பார்த்த 2006ஆம் ஆண்டு ஆய்வில், அழற்சிப் பொருள்கள் அதிகம் இருந்தவர்களிடம் கிருமியும் அதிகம் இருந்தது, இறந்தவர்கள் அவர்களே. மூல காரணம் கிருமியின் பெருக்கம். அதை விட்டுவிட்டு அழற்சியை மட்டும் அடக்கினால் எலிகளும் பிழைக்கவில்லை. நம் ஊர் மருந்துக் கடைகளில் காய்ச்சல் என்றதும் நாலைந்து மாத்திரையைக் கலந்து பொட்டலம் கட்டித் தருகிறார்களே, அதில் ஸ்டீராய்டும் சேர்ந்துவிடுவது உண்டு. காய்ச்சல் இறங்கியது போல் தெரியும். சரியான மருந்தைத் தொடங்க வேண்டிய அந்த இரண்டு மூன்று நாள்தான் போய்விட்டால் திரும்பி வராத நாள். இந்தப் பொட்டலங்களைப் பற்றி எழுதுங்கள் என்று பல தடவை கேட்டாயிற்று. டெங்கு வந்த வருடம் பப்பாளி இலைச் சாற்றுக்கு அரைப் பக்கம் ஒதுக்கிய தங்களுக்கு இதற்கு ஒரு பத்தி கிடைக்கவில்லை. கொரோனாக் காலத்திலும் இதே எதிர்ப்புச் சக்திப் பாட்டுதான். அதை மறுத்து நான் எழுதிய கடிதம் பாதி வெட்டப்பட்டு, ஏதோ நாட்டு மருந்தைப் புகழ்வது போல வெளியானது. அதை இன்னும் மறக்க முடியவில்லை.

கிருமியை உண்மையில் துடைத்தெடுப்பவை டி செல்கள் என்ற வெள்ளணுக்களும், கிருமியைப் பிடித்து முடக்கும் எதிர்ப்பான் புரதங்களும். பழைய ஃப்ளூக்களின் உட்புரதங்களை நினைவில் வைத்திருக்கும் டி செல்கள் கொஞ்சம் சீக்கிரம் கைகொடுக்கலாம். ஆனால் முழுப் படையும் திரள ஒரு வாரம் ஆகிவிடும்; எச்5ஐ முடக்கும் எதிர்ப்பான்கள் போதிய அளவு சேர இரண்டு வாரம்கூடப் பிடிக்கும். இறந்தவர்களில் பலர் காய்ச்சல் தொடங்கி ஒன்பது பத்து நாளில் போனவர்கள். அந்த இடைவெளியைக் கடத்தத்தான் ஓசெல்டாமிவிர் என்ற, கிருமிப் பெருக்கத்தைத் தடுக்கும் மருந்து: பெரியவர்களுக்கு 75 மில்லிகிராம், காலை மாலை, ஐந்து நாள், நோய் கடுமையாக இருந்தால் மருத்துவர் நாளைக் கூட்டுவார். முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். தாமதமானாலும் கொடுக்காமல் விடக் கூடாது. 2007 இறுதியில் ஷான் மாநிலத்துக் கெங்டுங் பக்கம் ஏழு வயதுச் சிறுமிக்கு வந்ததே, நம் பர்மாவில் உறுதியான முதல் மனிதத் தொற்று, அந்தக் குழந்தை பிழைத்தது. அதைக்கூடக் கட்டுரை குறிப்பிடவில்லை.

"நாட்டுக்கோழிக்கு வராது" என்ற வரியும் தவறு. நாட்டுக்கோழிக்கும் வரும், கொத்துக் கொத்தாகச் சாகும். வாத்து நோவில்லாமலே கிருமியைச் சுமந்து திரியும், அதுதான் பெரிய ஆபத்து. ஆடிப் படையலுக்குச் சேவல் அறுப்பவர்களைப் பாருங்கள். வெந்நீரில் முக்கியெடுத்த கோழியை மடியில் வைத்து இறகு பிடுங்குவார்கள், குடலை இழுக்கும்போது முகத்தில் தெறிப்பதைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு அதே கையால் வெற்றிலை மடிப்பார்கள். தொற்று புகும் வழி இதுதான், நன்றாக வெந்த கறி அல்ல. 70 டிகிரி வரை உள்ளே வெந்துவிட்டால் கிருமி இருக்காது. எச்சத்திலோ, 37 டிகிரி வெப்பத்தில் ஆறு நாள், 4 டிகிரிக் குளிரில் 35 நாள் உயிரோடு இருக்கும். சோப்புப் போட்டுக் கழுவினால் கிருமியின் கொழுப்புறை கிழிந்து செத்துவிடும். மஞ்சள் பாலுக்கு அந்த வேலை தெரியாது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் ராசிபலனுக்குப் பக்கத்தில் அல்லாமல் மருத்துவப் பக்கத்திலேயே ஒரு சிறு கட்டம் போடுங்கள். செத்த, சோர்ந்த கோழியையோ வாத்தையோ வெறுங்கையால் தொடாதீர்கள்; வீசைக்குப் பாதி விலை என்றாலும் வாங்காதீர்கள். கோழி அறுத்து, சுத்தம் செய்து, அல்லது கூண்டைக் கழுவிப் பத்து நாளுக்குள் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போய், கேட்பதற்கு முன்பே "கோழியைத் தொட்டேன்" என்று சொல்லுங்கள். இவ்வளவுதான். அதற்கு மேல் இடம் இருந்தால், அந்த மிளகு ரச வரி தவறு என்றும் ஒரு வரி.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகர்,
தன்லின், ரங்கூன்.