மளிகை அறைச் சாவி

பெரம்பூர்,
ஞாயிற்றுக்கிழமை இரவு.

அன்பு மகனுக்கு,

நீ அனுப்பிய 25,000 ரூபாய் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் ஒன்று சொல்ல, நீ ஒன்று புரிந்துகொள்ள, நடுவில் உன் அம்மா போனை வாங்கி மருமகளிடம் ரசப்பொடி பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவாள். விஷயம் பாதியில் நின்றுபோகும். அதனால்தான் எழுதுகிறேன்.

பாப்பாவின் பிறந்த நாளுக்கு, வீடில்லாதவர்கள் தங்குகிற காப்பகத்தில் எல்லாருக்கும் பிரியாணி போட வேண்டும், அவள் பெயர் போட்டு ஒரு பேனர் கட்ட வேண்டும், சாப்பிடும்போது நாலு போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும் என்று கேட்டிருந்தாய். மனசு நல்ல மனசு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பிரியாணி வேண்டாம், போட்டோவும் வேண்டாம் என்றுதான் சொல்லப் போகிறேன். கோபப்படாமல் கடைசி வரை படி.

நான் அந்தக் காப்பகத்துக்குப் போக ஆரம்பித்து மூன்று வருஷம் ஆகிறது. அங்கே என்ன செய்கிறேன் என்று நீ கேட்டதில்லை. சோறு பரிமாறுகிறேன் என்று நினைத்திருப்பாய். நான் கரண்டியைத் தொடுவதே இல்லை. மளிகை அறைச் சாவி என்னிடம் இருக்கிறது, அவ்வளவுதான். ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை ஸ்டோர்ஸில் 31 வருஷம் போல்ட்டும் நட்டும் எண்ணியவன், இப்போது பருப்பும் புளியும் எண்ணுகிறேன். அங்கே இருந்த இருப்பு அட்டை (பின் கார்டு) மாதிரியே இங்கேயும் ஒவ்வொரு டின்னிலும் ஓர் அட்டை தொங்கவிட்டிருக்கிறேன். வந்த தேதி, எடை, எடுத்தது, மிச்சம். முன்னே வந்தது முன்னே போக வேண்டும். சமைக்கிற அம்மா முதல் வாரம் சிரித்தார். "உப்புக்குமா சார் அட்டை?" என்றார். இப்போது நான் ஒரு நாள் வராவிட்டால் அவரே பென்சிலில் எழுதி வைக்கிறார்.

கட்டடம் மாநகராட்சியுடையது, பழைய பள்ளிக்கூடம். நடத்துவது ஒரு தொண்டு நிறுவனம். 2010 ஜனவரியில் தில்லிக் குளிரில் நடைபாதையில் ஆட்கள் செத்துப்போனதை ஒட்டி, உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. 5 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வேண்டும், அது வருஷம் முழுக்க 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. சென்னையில் இந்த மாதிரிக் காப்பகங்கள் பெருகியது அதற்கு அப்புறம்தான். பெண்களுக்குத் தனி, அரசு மருத்துவமனைகளில் நோயாளியோடு வந்து வராந்தாவில் படுப்பவர்களுக்குத் தனி. நம்முடையது ஆண்களுக்கு. ஆளுக்கு 50 சதுர அடி என்பது விதி. நேற்றுக் கணக்குப்படி 42 பேர்.

இவர்களில் பாதிப் பேருக்கு மேல் வேலைக்குப் போகிறவர்கள் என்றால் நம்புவாயா? ஒருவர் வாட்ச்மேன். ராத்திரியெல்லாம் மூன்று மாடி வீடு ஒன்றைக் காவல் காத்துவிட்டு, காலையில் இங்கே வந்து தூங்குகிறார். நாலு பேர் கேட்டரிங்கில் பந்தி பரிமாறுகிறவர்கள். அதிகாலையில் கிளம்புகிறவர்கள் அம்மா உணவகத்தில் இட்லி சாப்பிட்டுக்கொள்வார்கள், 2013இல் ஆரம்பித்தபோது இருந்த அதே ஒரு ரூபாய் இட்லி. அதனால் காலையில் எங்களுக்குப் பாரம் குறைவு. மதியமும் இரவும்தான் கனம். ஒரு நாளைக்கு 17 கிலோ அரிசி, இரண்டு கிலோ பருப்பு, ஒரு லிட்டர் எண்ணெய். மாதத்துக்கு 500 கிலோ அரிசி என்று வைத்துக்கொள். அப்புறம், இங்கிருந்து ஒரு ரூம் பிடித்து வெளியே போகிறவர்களுக்கு முதல் மூன்று மாதம் ஒரு பை மளிகை கொடுத்தனுப்புகிறோம். கையில் இருந்ததையெல்லாம் அட்வான்ஸாகக் கொடுத்துவிட்டுப் போகிறவனுக்கு அரிசி வாங்கக் காசு இருக்காது. இந்த மாதம் ஒன்பது பை.

அரசுப் பணத்தில் இவ்வளவும் அடங்காது. அக்கம்பக்கம்தான் தாங்குகிறது. சௌகார்பேட்டையில் மொத்த வியாபாரம் செய்கிற ஒரு சேட்டு மாதம் தவறாமல் கோதுமை மாவு அனுப்புகிறார். இந்த மூன்று வருஷத்தில் அவர் முகத்தை நான் பார்த்ததில்லை, மூட்டையோடு பையன்தான் வருவான். லூர்து மாதா கோயில் பக்கத்துக் குடும்பங்கள் சில தவக்காலத்தில் இறைச்சியை விட்டு மிச்சம் பிடித்த காசைக் கொண்டுவந்து தருவார்கள். ரம்ஜான் மாதம் முழுக்கப் பள்ளிவாசலிலிருந்து நோன்புக் கஞ்சி, தூக்குவாளியில். கோயம்பேட்டிலிருந்து ஓர் ஆட்டோக்காரர் மதிய வாக்கில் விற்காமல் மிஞ்சிய காயைச் சேர்த்துக்கொண்டு வருவார். வாடகை வாங்க மாட்டார், டீ மட்டும் குடிப்பார்.

நம் தெருப் பெண்கள் ஐந்தாறு பேர் பிடி அரிசி எடுத்து வைக்கிறார்கள். உன் பாட்டி உலை வைக்கும் முன் ஒரு பிடியை எடுத்து மூலையில் இருந்த மண்பானையில் போடுவாளே, நினைவிருக்கிறதா? காஞ்சிப் பெரியவர் சொன்ன திட்டம் என்று சொல்வாள். அதே முறைதான். ஆரம்பித்த முதல் மாதம் 14 கிலோ சேர்ந்தது. எனக்கு ஒரே பெருமை. கொண்டுபோய்ச் சமையல் அம்மா முன்னால் வைத்தேன். அவர் கையில் கொஞ்சம் அள்ளி, விரலால் பரப்பிப் பார்த்தார். பொன்னி, ரேஷன் அரிசி, பச்சரிசி, இட்லி அரிசி எல்லாம் ஒன்றாய்க் கிடந்தது. "இதை உலையில போட்டா பாதி குழைஞ்சிடும், பாதி விதையா நிக்கும் சார்" என்றார். எனக்கு முகம் விழுந்துவிட்டது. 31 வருஷம் ஸ்டோர்ஸில் இருந்தவனுக்கு இது தோன்றவில்லையே! அவர்தான் வழி சொன்னார். பச்சரிசியும் புழுங்கலரிசியும் கலந்திருந்தால் அடைக்குத் தோதுதானே. அன்றிலிருந்து பிடி அரிசி முழுக்க வியாழக்கிழமை அடைக்குப் போகிறது. வியாழக்கிழமை இரவு வெளியே சாப்பிட்டு வருகிறவர்கள்கூடச் சீக்கிரம் வந்துவிடுகிறார்கள்.

சரி, பிரியாணிக்கு வருகிறேன்.

என் நோட்டைப் பார்த்தாலே உனக்குப் புரியும். ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை, தீபாவளி, ஜனவரி ஒன்று, ஆகஸ்ட் பதினைந்து - இந்த நாட்களில் ஒரே வேளைக்கு மூன்று பேர் சாப்பாடு கொண்டுவருவார்கள். போன தீபாவளிக்கு 19 பெட்டி மைசூர்பாகு வந்தது. எங்களிடம் சர்க்கரை வியாதிக்காரர்கள் 11 பேர். அதற்கு இரண்டு வாரம் கழித்து, 23ஆம் தேதி, துவரம்பருப்பு டின்னில் அட்டை மட்டும்தான் இருந்தது. மூன்று நாள் புளிக்குழம்பு, மோர்க்குழம்பு என்று ஓட்டினோம். யார் மேலேயும் குற்றம் இல்லை. திதியும் பிறந்த நாளும் காலண்டரைப் பார்த்து வருகிறது, பசிக்கு அது தெரியாது. இந்த வருஷம் பாப்பா பிறந்த நாள் தீபாவளிக்கு நாலாம் நாள். அன்றைக்குள் இவர்கள் எத்தனை பிரியாணி பார்த்திருப்பார்கள் என்று நினைக்கிறாய்?

சமைத்து வருகிற சாப்பாடு என்றாலே எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம். உனக்கு நான் இதைச் சொன்னதில்லை. நான் போய்ச் சேர்ந்த முதல் வருஷம், ஒரு கல்யாண மண்டபத்திலிருந்து ராத்திரி பதினொன்றரைக்குச் சாம்பார் சாதமும் கூட்டும் வந்தது. மூடியைத் திறந்தபோதே லேசாக ஒரு வாடை. கொண்டுவந்தவர் வேட்டி சட்டையில், நெற்றியில் சந்தனத்தோடு, அவ்வளவு மரியாதையாக நின்றார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விடிவதற்குள் ஒன்பது பேருக்கு வயிற்றுப்போக்கு. இரண்டு பேரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். பிழைத்துவிட்டார்கள். ஆனால் அது மண்டபத்தின் தப்பு என்று நான் ஒரு நாளும் சொல்ல மாட்டேன். வாசலில் நின்று மூடியைத் திறந்தது நான். இப்போது சமைத்து நாலு மணி நேரம் தாண்டியது எதையும் வாங்குவதில்லை. வருகிறவர் யாராக இருந்தாலும் எப்போது அடுப்பிலிருந்து இறக்கினீர்கள் என்றுதான் முதல் கேள்வி. இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வருவதையே விட்டுவிட்டார்கள்.

போட்டோ விஷயம். போன வருஷம் ஒரு குடும்பம் வந்தது, பையனுக்கு முதல் பிறந்த நாள். நல்ல மனிதர்கள். பரிமாறும்போது போனை எடுத்து வரிசையாகப் படம் பிடித்துக்கொண்டே வந்தார்கள். எங்கள் ஆட்களில் ஒரு கொத்தனார் இருக்கிறார். போன் அவர் பக்கம் திரும்பியதும் தட்டைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். ரசம் சட்டையில் ஒழுகியது. தட்டை இறக்கவில்லை. அவருடைய பெண்ணை வெளியூரில் கட்டிக் கொடுத்திருக்கிறார். அப்பா சென்னையில் கான்ட்ராக்டரிடம் வேலை பார்க்கிறார், ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறார் என்றுதான் சம்பந்தி வீட்டுக்குத் தெரியும். ஒரு படம் வாட்ஸப்பில் எங்கே சுற்றி எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்? அந்தத் தட்டுதான் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அவர் சட்டையைத் துவைக்க அன்று சோப்பு கேட்டு வந்தார், ஒன்றுமே நடக்காத மாதிரி.

வடலூருக்கு உன்னைச் சின்ன வயசில் தைப்பூசத்துக்குக் கூட்டிப்போனது ஞாபகம் இருக்கும். 1867 மே 23ஆம் தேதி வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்னும் அணையாமல் எரிகிறது என்று காட்டினேன். நீ அடுப்பைப் பார்த்துவிட்டு "யாரு விறகு போடறாங்க?" என்று கேட்டாய். எல்லாரும் சிரித்தோம். இந்தச் சாவி கைக்கு வந்த பிறகுதான் அது சரியான கேள்வி என்று தோன்றுகிறது. அந்த இடத்தைக் கொடுத்தவர்கள் பார்வதிபுரம் ஊர்க்காரர்கள், 80 காணி. அதற்கப்புறம் இத்தனை வருஷமாக அரிசி மூட்டையும் காயும் விறகும் யார் யாரோ கொண்டுவந்து இறக்கிக்கொண்டே இருக்கிறார்கள்.

இப்போது உன் பணத்துக்கு நான் வைத்திருக்கிற யோசனையைச் சொல்கிறேன். ஆடி மாதம் தபால்காரர் காப்பகத்துக்கு ஒரு கவர் கொண்டுவந்தார். ஆதார் அட்டை. முகவரியில் எங்கள் கதவு எண். கரும்புச்சாறு வண்டி தள்ளிய ஒரு பெரியவருக்கு வந்தது. தன் பெயருக்குத் தபால் வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது என்றார். கவரைக் கிழிக்கவில்லை. ஓரத்தில் தண்ணீர் தொட்டுத் தொட்டு, ஒட்டியதைப் பிரித்தார். அப்புறம் நேராக என்னிடம் வந்து, "சார், இதை உங்க ரூம்ல வச்சுக்கறீங்களா?" என்றார். இதற்கு முன் அவரிடம் இருந்த காகிதங்கள் 2015 வெள்ளத்தில் போய்விட்டன. மறுபடி சேர்த்ததை, நடைபாதையில் தூங்கும்போது தலைக்கு அடியிலிருந்து பையோடு யாரோ உருவிக்கொண்டு போய்விட்டார்கள். காகிதம் இல்லாதவனுக்கு ரேஷன் கார்டு கிடையாது, முதியோர் பென்ஷனும் கிடையாது.

அவருடையதை ஒரு காலிப் பெருங்காய டப்பாவில் போட்டு வைத்தேன். அதைப் பார்த்து இன்னொருவர் வந்தார். இன்று அந்த டப்பாவில் 17 பேருடைய ஆதார், பாஸ்புக், மருத்துவச் சீட்டு. பாங்க்கில் பாஸ்புக்கை நீட்டினால் பெருங்காய வாசனை அடிக்கிறது என்று கவுன்டரில் இருக்கிற பெண் சிரிக்கிறாளாம்.

12 அறை வைத்த இரும்பு அலமாரி, ஒவ்வோர் அறைக்கும் தனிப் பூட்டு, விசாரித்தேன். 16,500 சொல்கிறான். ஓர் அறைக்கு இரண்டு பேர் என்று இப்போதைக்குச் சமாளிக்கலாம். மீதிப் பணத்துக்கு வருகிற 20ஆம் தேதி துவரம்பருப்பும் எண்ணெயும் வாங்கி வைக்கிறேன். ரசீது அனுப்புகிறேன், அதை வேண்டுமானால் போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

பாப்பாவை நான் மறக்கவில்லை. அன்று சாயங்காலம் கேசரி கிண்டச் சொல்லியிருக்கிறேன், சர்க்கரைக்காரர்களுக்குச் சுண்டல். என் பேத்தி பிறந்த நாள் என்று நானே சொல்லிக்கொள்கிறேன், பேனர் வேண்டாம். ரவை ஒன்பது கிலோ, சர்க்கரை 14 கிலோ இருப்பில் இருக்கிறது. முந்திரி தீபாவளிக்கு எப்படியும் யாராவது கொடுப்பார்கள். நெய் மட்டும் இல்லை. அதை வாங்கித் தருவதாக உன் அம்மா சொல்லிவிட்டாள்.

சரி என்று நீ ஒரு வார்த்தை அனுப்பினால் அலமாரிக்கு நாளைக்கே முன்பணம் கொடுத்துவிடுவேன். மழை வேறு ஆரம்பித்துவிட்டது, புதிதாக ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். டப்பாவை இப்போதே அழுத்தித்தான் மூட வேண்டியிருக்கிறது.

உன் அப்பா