பதினோராம் வகுப்பு இயற்பியலுக்கு முன்னால் கணக்கு வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பத்தாம் வகுப்பு அறிவியலில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளைகள் பதினொன்றில் இயற்பியலைக் கண்டு மிரள்வதற்கு, செல்போன், சோம்பல் என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். மேல்நிலை வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், பாதிக் காரணம் பாடப்புத்தகங்களின் வரிசையிலேயே இருக்கிறது.

ஒன்பதில் இயக்கச் சமன்பாடுகளை வரைபடம் போட்டு வருவிக்கிறோம், புரிகிறது. பத்தில் நியூட்டன் விதி, லென்ஸ், ஓம் விதி எல்லாம் பெருக்கல் வகுத்தலோடு முடிந்துவிடும். பதினொன்றிலோ இரண்டாவது பாடமான இயக்கவியலிலேயே வெக்டர் (அளவோடு திசையும் கொண்டது), வகையீடு (ஒன்று மாறும் வீதத்தைக் காண்பது), தொகையீடு (சின்னச் சின்ன மாற்றங்களைக் கூட்டி மொத்தம் காண்பது) மூன்றும் சேர்ந்து வந்து நிற்கின்றன. ஒன்பதில் படித்த அதே முதல் சமன்பாட்டைத்தான் இங்கே தொகையிட்டுக் கொண்டுவருகிறோம். போர்டில் தொகையீட்டுக் குறியைப் போட்டதும் "சார், இது என்ன குறி?" என்கிறார்கள். கேட்காமல் என்ன செய்வார்கள்? கணக்குப் புத்தகத்தில் வெக்டர் எட்டாவது பாடம், வகையீடு ஒன்பதும் பத்தும், தொகையீடு பதினொன்று. அத்தனையும் இரண்டாம் தொகுதி. கணக்கு சார் அங்கே வருவதற்குள் நாங்கள் ஈர்ப்பியலையே முடித்திருப்போம்.

கணக்கும் சேர்த்துப் படிக்கிற ஃபர்ஸ்ட் குரூப் பிள்ளைகளுக்காவது பின்னால் புரிந்துவிடும். ப்யூர் சயின்ஸ் குரூப்பில் கணக்கே கிடையாது. ஆனால் புத்தகம் அதேதான், நீட் எழுதப் போனால் 180 கேள்வியில் 45 இயற்பியல். வருவித்தலை உருப்போட்டு பரீட்சையில் பாஸாகிவிடுகிறார்கள்; கணக்கைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் பேனா நகராது. புத்திசாலிப் பிள்ளைகள் இப்படித் திணறுவதைப் பார்க்க மனசு கஷ்டமாக இருக்கிறது.

2025-26 முதல் பதினொன்றுக்குப் பொதுத்தேர்வு இல்லை, சரி. ஆனால் 2017-18இல் அந்தத் தேர்வைக் கொண்டுவந்ததற்கு முக்கியக் காரணமே, பல தனியார் பள்ளிகள் பதினொன்றை நடத்தாமல் நேராகப் பன்னிரண்டுக்குத் தாவியதுதான். அந்தப் பழக்கம் திரும்பக் கூடாது. தேர்வு நெருக்கடி இல்லாத இந்த வருஷத்தில், முதல் இரண்டு வாரம் கணக்கு ஆசிரியரும் இயற்பியல் ஆசிரியரும் சேர்ந்து வெக்டரையும் அடிப்படை வகையீடு, தொகையீட்டையும் எல்லா அறிவியல் பிரிவுக்கும் நடத்தும்படி கல்வித்துறை உத்தரவு போடலாம். அடுத்த முறை புத்தகம் மாற்றும்போது கணக்கில் அந்தப் பாடங்களை முதல் தொகுதிக்குக் கொண்டுவர வேண்டும், அதற்கு இரண்டு பாடக்குழுவும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசினால் போதும்.

இப்படிக்கு,
ஒரு முதுகலை இயற்பியல் ஆசிரியர்,
தென்காசி மாவட்டம்.